நடிகராகப் போகிறேன் என்ற மகனிடம் அப்பா சொன்ன வெல்டிங் வேலை: ராபின் வில்லியம்ஸ் பற்றி ஒரு தாயின் கேள்வி

வணக்கம். இந்த வாரம் ஒரே ஒரு கேள்விக்குத்தான் விளக்கம். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார், வாசிக்கிறேன்.

"ஐயா, என் மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். மேடையில் தனியாக நின்று பேசிச் சிரிக்க வைக்கிற ஸ்டாண்ட்-அப் காமெடியனாகப் போகிறேன் என்கிறான். அவன் அறைச் சுவரில் அமெரிக்க நகைச்சுவை நடிகர் ராபின் வில்லியம்ஸ் படம். அந்த மனிதர் எப்படி இறந்தார் என்று தேடிப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. ஊரைச் சிரிக்க வைப்பவர்கள் எல்லாரும் உள்ளுக்குள் அழுகிறவர்கள்தானா?"

அம்மா, உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அவர் எதனால் இறந்தார் என்பது ஒன்று. இந்தத் தொழில் ஆளை அரிக்குமா என்பது இன்னொன்று. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டது நீங்கள் அல்ல. 2014 ஆகஸ்ட் 11 அன்று, 63 வயதில், அவர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்ட செய்தி வந்தபோது உலகமே அப்படித்தான் பேசியது. நானும் அப்போது தேக்காவில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து, "பாவம், சிரிப்புக்குள் எத்தனை சோகமோ" என்று பெரிய ஞானி போலச் சொன்னவன்தான். தவறாகச் சொன்னேன். அதனால்தான் இன்று கொஞ்சம் விரிவாகப் பேசுகிறேன்.

1951 ஜூலை 21 அன்று சிகாகோவில் பிறந்தவர். ஏழ்மையில் வளர்ந்த கலைஞர் என்று நம் சினிமாக் கணக்கில் நினைத்துக்கொள்ள வேண்டாம். அப்பா ஃபோர்டு கார் நிறுவனத்தில் பெரிய அதிகாரி. வீடு பெரிது, விளையாட ஆள் இல்லை. பொம்மைச் சிப்பாய்களோடு தனியாகப் பேசி விளையாடிய பையன். அம்மாவைச் சிரிக்க வைக்கத்தான் முதலில் வேடிக்கை செய்யத் தொடங்கினேன் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். 1969இல் பள்ளி முடித்தபோது உடன் படித்தவர்கள் அவருக்கு இரண்டு பட்டம் கொடுத்தார்கள். ஒன்று, மிக வேடிக்கையானவர். மற்றொன்று, வாழ்க்கையில் முன்னேற வாய்ப்பு மிகக் குறைந்தவர்.

கல்லூரியில் அரசியல் படிக்கப் போனார். நாடக வகுப்பில் கால் வைத்ததும் அரசியல் போயிற்று. அப்பாவிடம், நடிகனாகப் போகிறேன் என்றார். இந்தக் காட்சி உங்கள் வீட்டிலும் அண்மையில் நடந்திருக்கும். அந்த அப்பா கத்தவில்லை. நல்லது, ஆனால் கைவசம் இன்னொரு தொழிலும் வைத்துக்கொள், வெல்டிங் மாதிரி என்றார். 1998இல் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கார் விருதைக் கையில் வைத்துக்கொண்டு ராபின் வில்லியம்ஸ் இதைச் சொன்னபோது அரங்கமே சிரித்தது. தொலைக்காட்சிக்கு முன் உட்கார்ந்திருந்த நான் மட்டும் சிரிக்கவில்லை. ஏனென்றால் நான் வெல்டர்.

உண்மையாகத்தான் சொல்கிறேன். ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் 31 ஆண்டுகள். பகலில் இரும்பை ஒட்டுவேன், மாலையில் தமிழ் நாடகத்தில் கோமாளி வேடம். வெல்டிங்கில் ஒரு சங்கதி உண்டு. மேலே ஓடுகிற தையல் மீன்செதில் போல அழகாக இருக்கும். உள்ளே ஒரு காற்றுக் குமிழ் மாட்டியிருந்தால் எக்ஸ்ரேயில் பல்லிளித்துவிடும். மேற்பார்வையாளர் சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போவார். முழுவதையும் குடைந்தெடுத்து மறுபடி நிரப்ப வேண்டும். நகைச்சுவைக்கும் அப்படி ஓர் எக்ஸ்ரே இருக்கிறது. அதற்குப் பெயர் பார்வையாளர்கள்.

1986இல் ஒரு சமூக மன்றத்தில் தீபாவளி நிகழ்ச்சி. மூன்று பக்கம் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு மேடை ஏறினேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. முன்வரிசைப் பாட்டி ஒருவர் முறுக்கை உடைத்த சத்தம் மட்டும் மண்டபம் முழுக்கக் கேட்டது. "பாட்டி, கொஞ்சம் மெதுவாகக் கடியுங்கள், என் மானம் உடைகிற சத்தம் யாருக்கும் கேட்கவில்லை" என்றேன். அப்போதுதான் சிரித்தார்கள். மூன்று பக்கமும் வீண், எழுதாத ஒரு வரி பிழைத்தது. அன்று வீட்டுக்கு வந்து, எழுதுவதே தேவையில்லை போலிருக்கிறது என்று முடிவு செய்தேன். அடுத்த நிகழ்ச்சிக்கு எதுவும் எழுதாமல் போனேன். அந்தக் கதையைச் சொல்ல மாட்டேன்.

ராபின் வில்லியம்ஸ் விஷயத்திலும் இளைஞர்கள் செய்கிற தவறு இதுதான். அவர் வாய் திறந்தால் அருவி, எல்லாம் அந்த நொடியில் பிறந்தது என்று நினைக்கிறார்கள். உங்கள் மகனும் நினைக்கக்கூடும். அருவிக்கு மேலே ஒரு மலை இருக்கிறது. மூன்று ஆண்டு உள்ளூர்க் கல்லூரியில் நாடகம். 1973இல் நியூயார்க்கின் ஜூலியார்டு பள்ளியில் முழு உதவித்தொகையோடு இடம். அங்கே ஜான் ஹவுஸ்மன் நடத்திய மேல்நிலைப் பயிற்சிக்கு அந்த ஆண்டு எடுக்கப்பட்டவர்கள் இரண்டே பேர். இவர் ஒருவர், பிறகு சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ் மற்றொருவர். முகத்தில் வெள்ளை பூசிக்கொண்டு அருங்காட்சியக வாசலில் ஊமைக்கூத்து ஆடியிருக்கிறார். பிறகு சான் பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலிஸ் ஊர்களின் சின்னச் சின்ன மன்றங்களில் இரவு இரவாகப் பேசிப் பழகினார். 1978இல் தொலைக்காட்சித் தொடருக்காக வேற்றுக்கிரகவாசி வேடத்துக்குத் தேர்வு. நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள், தலைகீழாக உட்கார்ந்தார். வேடம் கிடைத்தது. அந்தத் தலைகீழ் நொடிக்குப் பின்னால் இத்தனை ஆண்டு இருந்தது.

இங்கே ஓர் இடைச்செருகல். நம் ஊரில் மேடை நிகழ்ச்சி நடத்த உரிமம் வாங்கப் போனால் எழுத்துப் பிரதியைக் கேட்பார்கள். ராபின் வில்லியம்ஸ் சிங்கப்பூர்க்காரராக இருந்திருந்தால் என்ன பிரதியைக் கொடுத்திருப்பார் என்று அவ்வப்போது நினைத்துப் பார்ப்பேன். டிஸ்னியின் அலாவுதீன் படத்துக்கு, 1992இல் வந்தது, பூதத்துக்குக் குரல் கொடுக்க அவர் தயங்கினாராம். ஓவியர் எரிக் கோல்ட்பெர்க் அவருடைய பழைய மேடைப் பேச்சின் ஒரு துண்டை எடுத்து, பூதம் பேசுவது போல வரைந்து அசைத்துக் காட்டினார். பார்த்துச் சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார். ஒலிப்பதிவு அறையில், எழுதிக் கொடுத்ததைப் பேசியதோடு மணிக்கணக்கில் சொந்தச் சரக்கையும் கொட்டிவிட்டுப் போனார்.

மற்றப் படங்களை நான் அடுக்க வேண்டியதில்லை. உங்கள் மகனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 1993இல் அவர் கிழவி வேடம் போட்ட படத்தின் பாதிப்பில்தான் தமிழில் 'அவ்வை சண்முகி' வந்தது என்று மட்டும் உங்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

கறுப்புப் பக்கமும் இருக்கிறது, மறைக்கவில்லை. 27 வயதில் திடீர்ப் புகழ், கூடவே கொக்கைன், குடி. 1982 மார்ச் 5 அன்று நண்பர் ஜான் பெலுஷி போதை மருந்தால் இறந்தார். அதற்குச் சில மணி நேரம் முன்புதான் ராபின் வில்லியம்ஸ் அவரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அந்தச் சாவும், அடுத்த ஆண்டு மகன் பிறந்ததும் சேர்ந்து அவரை நிறுத்தின. சுமார் 20 ஆண்டு தொடவில்லை. பிறகு மறுபடி குடியில் விழுந்தார். 2006இல் சிகிச்சைக்குப் போனார். அதையும் மேடையில் பேசினார்.

1995இல் கிறிஸ்டோபர் ரீவ் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவற்றுப் போனார். அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த நாளில் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு மருத்துவர் நுழைந்தார். நீலத் தொப்பி, மஞ்சள் அங்கி, ரஷ்ய உச்சரிப்பு. உங்கள் பின்பக்கத்தை உடனே பரிசோதிக்க வேண்டும் என்றார். விபத்துக்குப் பிறகு முதல்முறையாக ரீவ் சிரித்தார். வந்தவர் பழைய வகுப்புத் தோழர் ராபின் வில்லியம்ஸ். எப்படியும் பிழைத்துக்கொள்வேன் என்று அப்போதுதான் தோன்றியது என ரீவ் எழுதியிருக்கிறார். அம்மா, இதை உள்ளுக்குள் அழுகிறவரின் முகமூடி என்று என்னால் சொல்ல முடியவில்லை. தன் கைத்தொழில் எந்த நேரத்தில் யாருக்குப் பயன்படும் என்று தெரிந்த ஒருவரின் வேலை அது.

இனி அந்தக் கடைசி ஆண்டு. 2014 மே மாதம் அவருக்குப் பார்கின்சன் நோய் என்றார்கள். இறந்த பிறகு செய்த பரிசோதனையில்தான் லூவி உடல் மறதிநோய் என்று தெரிந்தது. மூளையின் நரம்பணுக்களுக்குள் ஒரு புரதம் கட்டி கட்டியாகச் சேர்கிற நோய். லூவி என்ற ஜெர்மானிய மருத்துவர் 1912இல் அந்தக் கட்டிகளை விவரித்ததால் அவர் பெயர். கவனம் ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது. இல்லாதது கண்ணுக்குத் தெரியும். தூக்கம் கெடும், பதற்றம் கூடும், கை கால் விறைக்கும். உயிரோடு இருக்கும்போது உறுதியாகக் கண்டுபிடிப்பது கடினம்.

அவருடைய மனைவி சூசன் 2016இல் ஒரு மருத்துவ இதழில் எழுதியதை ஒவ்வொரு மேடைக் கலைஞரும் வாசிக்க வேண்டும். நோய் முற்றிய மாதங்களில் ஒரு படப்பிடிப்பில் அவரால் ஒரு வரி வசனத்தைக்கூட நினைவில் நிறுத்த முடியவில்லை. மூன்றே ஆண்டு முன்பு நியூயார்க்கின் பிராட்வே நாடகத்தில், இரவு தவறாமல், நூற்றுக்கணக்கான வரிகளைப் பிழையின்றிப் பேசியவர். வெல்டருக்குக் கை நடுங்குவது போல. என்ன நடக்கிறது என்று அவருக்கும் தெரியவில்லை, பக்கத்தில் இருந்தவர்களுக்கும் தெரியவில்லை. இதைப் போய் 'சிரிப்புக்குப் பின்னால் சோகம்' என்று நான் தேநீர்க் கடையில் தீர்ப்புச் சொன்னேன்.

ஆக, தொழில் ஆளைக் கொல்லுமா என்றால், அவருடைய கதை அதற்குச் சாட்சி சொல்லவில்லை. மேடைக்காரருக்கும் மனச்சோர்வு வரும், கணக்காளருக்கும் வரும். மகன் மேடை ஏறுகிறான் என்று பயப்படாதீர்கள். சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் ஒதுங்கினால் கேளுங்கள், நேராகவே கேளுங்கள். 1767 என்ற எண்ணில், மனம் உடைந்தவர்களுக்குத் துணை நிற்கும் எஸ்ஓஎஸ் அமைப்பு 24 மணி நேரமும் பேசுகிறது. அது கலைஞர்களுக்காக வைத்த எண் அல்ல, நம் எல்லாருக்கும்.

இங்கே இதில் சோறு கிடைக்குமா என்றால், நம் ஊர் நகைச்சுவைக் கலைஞர் குமார் 30 ஆண்டுக்கு மேலாக ஆங்கில மேடையில் நின்று காட்டியிருக்கிறார். தமிழில் இன்னும் கடினம், பார்வையாளர் குறைவு, பாதிப் பேர் சொந்தக்காரர்கள். மகன் பட்டயப் படிப்பை முடிக்கட்டும், தேசிய சேவை என்ற கட்டாயப் படைப்பணிக்குப் போகட்டும். கூடாரத்தில் இரவில் பத்துப் பேரைச் சிரிக்க வைக்க முடிகிறதா என்று பார்க்கட்டும். நீங்கள் ஒரு நாள் கடைசி வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். முறுக்கு கொண்டுபோக வேண்டாம்.

என்ன துறையில் படிக்கிறான் என்று நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும் ஒரு சனிக்கிழமை என்னிடம் அனுப்பி வையுங்கள். என் பழைய வெல்டிங் முகமூடி ஸ்டோர் அறையில் கிடக்கிறது. தூக்கிப் போடுங்கள் என்று என் மனைவி ஒன்பது ஆண்டாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.