கம்ப்யூட்டரில் போட்ட படம் நுண்கலை ஆகுமா?

[திரையில்: பழைய வீட்டுப் பூஜையறைச் சுவர். சட்டம் போட்ட முருகன் படம்.]

கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கம் பழைய வீடுகளுக்குள் போனவர்கள் இப்படி ஒரு படத்தைப் பார்க்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள். காலண்டரின் தேதித் தாள் தீர்ந்துபோயிருக்கும். படத்தை மட்டும் வெட்டி எடுத்து, கண்ணாடி போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து மாட்டியிருப்பார்கள்.

இந்த வகைப் படங்களில் பெரிய பெயர் சி. கொண்டையராஜு. சென்னையில் ஓவியம் படித்தவர். கொஞ்ச காலம் ரமணாசிரமத்தில் இருந்தார், நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதினார், கடைசியில் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். கோவில்பட்டி அப்போது திருநெல்வேலி ஜில்லாதான். அவரும் சீடர்களும் வரைந்ததை சிவகாசி அச்சகங்கள் அடித்துத் தள்ளின.

அந்தப் படங்களைக் 'காலண்டர் ஆர்ட்' என்று ஓரம்கட்டியவர்கள் சொன்ன காரணங்கள் மூன்று. மெஷினில் வருகிறது, ஒன்றுபோல் ஆயிரம் பிரதி இருக்கிறது, வியாபாரத்துக்குச் செய்தது. இன்று கம்ப்யூட்டர் கிராபிக்ஸைப் பார்த்துச் சொல்வதும் அதே மூன்றுதான். கொண்டையராஜுவைப் பற்றி இப்போது ஆய்வாளர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், அது தனிக்கதை.

[திரையில்: குற்றாலம், சித்திர சபையின் வெளித்தோற்றம்]

எதில் செய்தது என்பதை வைத்துக் கலையை அளக்க முடியாது என்பதற்கு நம் ஊரிலேயே நல்ல சாட்சி உண்டு. நடராஜர் ஆடுகிற ஐந்து சபைகளில் இரண்டு நெல்லைச் சீமையில் இருக்கின்றன. நெல்லையப்பர் கோவிலில் தாமிர சபை, குற்றாலத்தில் சித்திர சபை. மற்ற சபைகளில் திருமேனியாக நிற்கிற நடராஜர், குற்றாலத்தில் சுவரோவியமாகவே ஆடுகிறார். பூஜையும் அந்த ஓவியத்துக்குத்தான். ஆடுகிறவருக்கே மீடியம் பிரச்சினையாக இல்லை!

[திரையில்: கறுப்புக் கோடுகள், கிடையாகவும் நெடுக்காகவும்]

சரி, கம்ப்யூட்டருக்கு வருவோம். 1965-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் கியோர்க் நேஸ், அதே வருடம் நியூயார்க்கில் மைக்கேல் நோல், பேலா யூலெஸ் ஆகியோர் கம்ப்யூட்டரில் உருவாக்கிய படங்களைக் காட்சிக்கு வைத்தார்கள்.

நோல் அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்துக்காரர். டச்சு ஓவியர் மோன்ட்ரியான் 1917-இல் கோடுகளாலேயே வரைந்த எண்ணெய் ஓவியம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதே மாதிரி ஒன்றை நிரல் (புரோகிராம்) எழுதி உருவாக்கினார். இரண்டையும் 100 பேரிடம் காட்டினார். எது கம்ப்யூட்டர் படம் என்று சரியாகச் சொன்னவர்கள் 28 சதவீதம்தான். 59 சதவீதம் பேருக்குக் கம்ப்யூட்டர் படமே அதிகம் பிடித்தது.

'அப்போ கம்ப்யூட்டர் ஜெயித்துவிட்டது' என்று இதைப் பரப்புகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. நோல் காட்டியது இரண்டின் ஜெராக்ஸ் பிரதிகளை. எண்ணெய் வண்ணத்தின் பூச்சும் தூரிகைத் தடமும் போட்டிக்கு வருவதற்கு முன்பே போய்விட்டன. அது மட்டுமில்லை, மோன்ட்ரியான் அந்த அமைப்பைத் தானே தேடிக் கண்டுபிடித்தார். நோலுக்கு அது கையில் கிடைத்தது.

நோலின் வாழ்க்கையில் இதைவிடச் சுவாரசியமான சம்பவம் பதிப்புரிமை (காப்பிரைட்) அலுவலகத்தில் நடந்தது. வேறொரு கம்ப்யூட்டர் படத்தைப் பதிவு செய்யப் போனார். 'மெஷின் செய்ததைப் பதிய முடியாது' என்றார்கள். நிரலை எழுதியது மனிதன் என்று விளக்கினார். 'நிரலில் எண்கள் குருட்டாம்போக்கில் வருகின்றனவே' என்று அடுத்த தடை. அந்த எண்கள் அப்படித் தோன்றுமே தவிர, கணித விதிப்படி பிறப்பவை என்று அதற்கும் விளக்கம் கொடுத்தார். கடைசியில் பதிவு கிடைத்தது.

அந்த அலுவலர்கள் கேட்டது நல்ல கேள்வி என்பேன். படத்தில் இருக்கிற முடிவுகளை யார் எடுத்தது?

[திரையில்: ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்கள், சில மட்டும் கோணலாக]

ஹங்கேரியில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த வேரா மோல்னார் 1968-இல் கம்ப்யூட்டரைத் தொட்டார். அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே, இல்லாத ஒரு மெஷினைக் கற்பனை செய்துகொண்டு, விதிகளை எழுதி, அந்த விதிப்படி கையால் வரைந்து வந்தார். சதுரங்களை ஒழுங்காக அடுக்குவது நிரலுக்கு எளிது. எந்த அளவுக்குக் குலைத்தால் கண் நின்று பார்க்கும் என்பதுதான் அவர் தேடியது. அதை அவர் கண்தான் தீர்மானித்தது. இத்தாலியில் நடக்கும் பெரிய கலைக் கண்காட்சியான வெனிஸ் பினாலேயில் 2022-இல் அவர் படைப்புகள் இடம்பெற்றன.

விதி எழுதி வரைவது நமக்குப் புதிதா என்ன? சிக்குக் கோலத்தில் புள்ளி எத்தனை, கோடு எங்கே வளைய வேண்டும், தொடங்கிய இடத்தில் எப்படி வந்து முடிய வேண்டும், எல்லாமே விதி. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் மூவரும் கோலத்தின் இலக்கணத்தைக் கணிதமாக எழுதி 1974-இல் வெளியிட்டார்கள். வெளியிட்ட ஆய்விதழ் எது தெரியுமா? கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் துறையின் இதழ்.

[திரையில்: பாளையங்கோட்டை, ஃப்ளெக்ஸ் அச்சடிக்கும் கடை]

அதற்காக, கம்ப்யூட்டரில் செய்ததெல்லாம் கலை என்று கிளம்பிவிடக் கூடாது. காதணி விழா ஃப்ளெக்ஸில் பின்னணி, எழுத்து, பூ, தங்கக் கரை எல்லாம் ரெடிமேட். தலையை மட்டும் மாற்றுவார்கள். சாயங்காலத்துக்குள் முடிக்க வேண்டிய வேலை, யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அங்கே தேர்ந்தெடுக்க ஒன்றும் மிச்சமில்லை. அதே கடையில், அதே மென்பொருளில், ஒரு முகத்தின் நிழலுக்காக ராத்திரி முழுக்க உட்கார்ந்து, பத்து விதமாகப் போட்டு ஒன்பதை அழிக்கிற பையனும் இருப்பான். அவன் செய்வதை ஓவியம் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

ஏஐ படத்தையும் இதே கேள்வியால்தான் பார்க்கிறேன். ஒரு வரி தட்டி, வந்த முதல் படத்தை ஸ்டேட்டஸில் வைப்பது கடையில் வாழ்த்து அட்டை வாங்குவதற்குச் சமம். வந்ததை மறுத்து, திருத்தி, தனக்கு வேண்டியது வரும்வரை விடாமல் வேலை செய்கிறவர்களும் உண்டு. அவர்களில் ஒருவரை அடுத்த வீடியோவில் உட்கார வைத்து, அழித்த படங்களையும் காட்டச் சொல்லிக் கேட்கப்போகிறேன். அதுவரை, உங்களுக்குத் தெரிந்த டிசைனர் யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள்.