கொரியன் புல் யூரியா போட்டும் மஞ்சளாவே இருக்கா? சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி நாகமலை புதுக்கோட்டையில இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. புது வீடு, முன்வாசல்ல 200 சதுர அடிக்கு கொரியன் புல் பதிச்சு நாலு மாசம் ஆகுதாம். சுவரோரமா திட்டுத் திட்டா மஞ்சளா நிக்குது, ரெண்டு தடவை யூரியா தூவியும் பச்சை வரல, ஊத்துறது போர் தண்ணின்னு சொல்றாங்க. போட்டோவும் இருக்கு.

அக்கா, யூரியாவை இப்போதைக்கு ஓரமா வைங்க. போட்டோவைப் பெருசாக்கிப் பாத்தா புதுசா வர்ற இலைதான் வெளுத்திருக்கு, அடி இலை பச்சையா இருக்கு. யூரியால கிடைக்கற தழைச்சத்து குறைஞ்சா பழைய இலைதான் முதல்ல பழுக்கும். தளிர் வெளுத்து, நீளவாக்குல மெல்லிசா பச்சைக் கோடு மட்டும் தெரிஞ்சா அது இரும்புச்சத்துக் குறை. செம்மண்ணு செவப்பா இருக்கறதே இரும்பாலதான், ஆனா மண்ணுல காரத்தன்மை கூடிட்டா வேரால அதை எடுக்க முடியாது.

சுவரோரம்னு சொன்னீங்கள்ல, அங்கதான் விஷயம் இருக்கு. பூச்சு வேலைல விழுந்த கலவைக் கட்டி, செங்கல் துண்டு எல்லாத்தையும் அங்கிட்டே தள்ளி, மேல நாலு இஞ்ச் செம்மண் பரப்பிப் புல்லைப் பதிச்சிருவாங்க. சிமெண்ட்டுல இருக்கற சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கும். போதாததுக்குப் போர் தண்ணி வேற. குழாய் வாயில வெள்ளையா படியுதே, அதேதான் வேர்கிட்டயும் படியுது.

ஒரு நீட்டு ஸ்க்ரூடிரைவர் எடுத்து மஞ்சள் திட்டுல ஒரு குத்து, பச்சையா இருக்கற இடத்துல ஒரு குத்து குத்திப் பாருங்க. ஈர மண்ணுல ஆறு இஞ்ச் சுலபமா இறங்கணும். நாலு இஞ்ச்ல டக்குனு நின்னா அடியில கட்டடக் குப்பை. அந்த மண்ணுல கொஞ்சம் வினிகர் ஊத்துங்க, நுரைச்சா சுண்ணாம்பு. இயற்கையாவே சுண்ணாம்பு கலந்த சுக்கான் மண்ணா இருந்தாலும் நுரைக்கும், வைத்தியம் ஒண்ணுதான்.

உடனடி வைத்தியம் அன்னபேதி, அதாவது இரும்பு உப்பு. உரக்கடைல பெரஸ் சல்பேட்னு கேளுங்க. 1 லிட்டர் தண்ணில முதல்ல 1 கிராம் சிட்ரிக் அமிலம், அது கரைஞ்சதும் 5 கிராம் அன்னபேதி. இந்த வரிசையை மாத்தாதீங்க. வெறும் போர் தண்ணில போட்டா செம்பழுப்பா திரிஞ்சு அடியில தங்கிரும், இலை உறிஞ்சாது. உங்க இடத்துக்கு 3 லிட்டர் போதும். சாயங்காலம் இலை நனையத் தெளிங்க, பதினஞ்சு நாள் இடைவெளில மூணு தடவை. மண்ணுல கொட்டாதீங்க, அந்த மண்ணு அதையும் பூட்டி வச்சுக்கும். பக்கத்துல டைல்ஸ் இருந்தா தார்ப்பாய் விரிச்சிருங்க. துருக்கறை பட்டா லேசுல போகாது.

தெளிச்சா பச்சை வரும், ஆனா அடியில குப்பை இருக்கற வரைக்கும் மறுபடியும் வெளுக்கும். அதனால புரட்டாசில, ஐப்பசி மழைக்கு முன்னாடி, அந்தத் திட்டை மட்டும் எடுத்துருங்க. புல்லை ஒன்றரை இஞ்ச் கனத்துக்கு மண்வெட்டியால பத்தையா சீவி, ஈரச் சாக்கு போட்டு நிழல்ல வைங்க. 8 இஞ்ச் தோண்டி குப்பையை அள்ளிட்டு ரெண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கின தொழு உரம். 30 சதுர அடின்னா சிமெண்ட் சாக்குல 8 செம்மண், 4 மணல், 4 எரு. பச்சைச் சாணி போட்டா களையும் கரையானும்தான் வரும். கிரஷர் தூளும் வேண்டாம், இறுகிப் போயிரும். மிதிச்சு நனைச்சு, அன்னைக்கே புல்லைத் திரும்பப் பதிச்சிருங்க. போர் தண்ணியால சேந்த உப்பை மழைத்தண்ணி கீழ இறக்கிரும்.

தினமும் பன்னீர் தெளிக்கற மாதிரி தண்ணி விட்டா உப்பு மேலயே தங்கும். வாரம் ரெண்டு மூணு தடவை, ஆறு இஞ்ச் நனையற அளவுக்கு விடுங்க. ஆர்ஓ மெஷின் கழிவுத்தண்ணி கூடவே கூடாது.

பச்சை திரும்பின பிறகு யூரியா வேணும்னா இந்த 200 சதுர அடிக்கும் சேத்து 180 கிராம், அதுக்கு மேல வேண்டாம். தூவின கையோட தண்ணி விட்டுருங்க, இல்லேன்னா வெயில்ல புல்லு கருகிரும்.