லூகாஸைத் திட்டுவதற்கு முன் எர்த்தைப் பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. பின்னால் ஸ்டாண்டில் நிற்பது 1969 ட்ரையம்ப் போனவில், டி120. மெரிடன் தொழிற்சாலையில் செய்த 650 சிசி இரட்டை சிலிண்டர். பழைய பிரிட்டிஷ் பைக் என்றாலே வயரிங் தொல்லை என்பார்கள். அந்த பைக்குகளின் மின்பாகங்களைச் செய்த லூகாஸ் கம்பெனிக்கு இருட்டின் இளவரசன் என்று பட்டமே கட்டிவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அரை நூற்றாண்டு தாண்டிய வயரையும், ஃபிரேம் வழியாக மின்சுற்றை முடிக்கும் துருப்பிடித்த எர்த் இணைப்பையும் அப்படியே விட்டுவிட்டு, பாகத்தைக் குறை சொல்வது நியாயமே இல்லை. அதனால் புதிதாக எதையும் வாங்குவதற்கு முன்னால் எர்த்தைச் சரிசெய்வோம்.

இந்த வண்டி பாசிட்டிவ் எர்த். பேட்டரியின் பிளஸ்தான் ஃபிரேமுக்குப் போகிறது. இதோ, இந்தச் சிவப்பு வயர்கள் எல்லாம் எர்த். மைனஸ் பக்கம் பிரவுன் வயரில் நீலக் கோடு. இன்றைய வண்டிகளில் கை பழகியவர் மைனஸைக் கொண்டுபோய் ஃபிரேமில் மாட்டினால், ஃபியூஸ் முந்திக்கொள்ளாவிட்டால் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையரும், மிச்ச மின்சாரத்தைக் கழிக்கும் செனர் டையோடும் போய்விடும்.

முன்பக்கச் சிவப்பு வயர் எங்காவது அறுந்திருந்தால், ஹெட்லைட் கரண்ட் கழுத்து பேரிங்கின் கிரீஸைத் தாண்டித்தான் ஃபிரேமுக்குத் திரும்பவேண்டும். லைட் மங்கலாக எரியும், மேடு பள்ளத்தில் துடிக்கும். ரெஸ்டோர் செய்த வண்டிகளில் இன்னொரு சிக்கல்: ஃபிரேமுக்கு அழகாக பவுடர் கோட்டிங் அடித்திருப்பார்கள், எஞ்சின் மவுண்டில் உலோகம் உலோகத்தைத் தொடவே தொடாது. நான் பேட்டரி பிளஸிலிருந்து சிலிண்டர் ஹெட்டுக்கும், ஸ்பார்க் பிளக்குக்குப் பொறி தரும் காயில்களுக்கும், ரெக்டிஃபையருக்கும், ஹெட்லைட் ஷெல்லுக்கும் தனித்தனி வயர் இழுத்துவிடுவேன். பிறகு லைட்டையும் இக்னிஷனையும் ஆன் செய்து, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி பிளஸிலும் மற்றதை எஞ்சினிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இன்னும் சரியில்லை.

அப்புறம் வயர்களை இணைக்கும் புல்லட் கனெக்டர்கள். ரப்பர் உறைக்குள் பச்சை பூத்திருக்கும். சுரண்டிச் சுத்தம் செய்து மீண்டும் போடாதீர்கள், விலை குறைவுதான், எல்லாவற்றையும் புதிதாக மாற்றுங்கள். ஈயம் உருக்கி ஒட்டும் சால்டரா, அழுத்திப் பிடிக்கும் கிரிம்பா என்றால் நான் கிரிம்ப் பக்கம். ஈயம் வயருக்குள் ஏறி விறைப்பாகி, இந்த எஞ்சினின் அதிர்வில் அந்த இடத்திலேயே முறிந்துவிடும்.

ஃபியூஸ் விஷயம் நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. அந்தக் காலத்துக் கண்ணாடி ஃபியூஸில் 35 ஆம்ப் என்று போட்டிருப்பது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்ப்தான். அதே 35-ஐ இன்றைய பிளேடு ஃபியூஸில் தேடி மாட்டினால் ஃபியூஸுக்கு முன் வயர் எரியும். 15 ஆம்ப் போதும்.

சரி, இனி மாற்ற வேண்டியவை. ஹெட்லைட்டுக்குக் கீழே செதில் செதிலாக இருக்கிறதே, அதில்தான் செனர் டையோடு இருக்கிறது. ஆல்டர்னேட்டர் கொடுக்கும் மிச்ச மின்சாரத்தை வெப்பமாக வெளியே தள்ளுவதுதான் அதன் வேலை. நன்றாக இருந்தால் விட்டுவைக்கலாம். அதன் செம்பு போல்ட்டை மட்டும் முரட்டுத்தனமாக இறுக்காதீர்கள், முறிந்துவிடும். இந்த வண்டியில் ரெக்டிஃபையர், செனர் இரண்டுக்கும் பதிலாக ஒரே ரெகுலேட்டர் பெட்டி வைக்கிறேன். ஆல்டர்னேட்டரின் இரண்டு வயர்களை எப்படி மாற்றிக் கொடுத்தாலும் பரவாயில்லை. பெட்டியின் பிளஸ் எர்த்துக்குப் போகவேண்டும், செனர் வயரைக் கழற்றி டேப் சுற்றவேண்டும்.

பொறி விழும் நேரத்தில் காயில் கரண்டைத் துண்டிக்கும் பாயிண்ட்ஸை நான் மாற்றவில்லை. 0.38 மில்லிமீட்டர் கியாப், முழு அட்வான்ஸில் பிஸ்டன் உச்சிக்கு வர 38 டிகிரி முன்பே பொறி விழும் டைமிங், ஸ்ட்ரோப் லைட் வைத்துப் பார்த்தால் அருமையாக ஓடும். எலெக்ட்ரானிக் இக்னிஷன் போடுகிறவர்கள் காயிலைக் கவனியுங்கள். பல கிட்டுகள் இரண்டு 6 வோல்ட் காயில்களை சீரீஸில் கேட்கும், வண்டியில் இருப்பதோ இரண்டு 12 வோல்ட். பேட்டரி இறங்கினாலும் அந்தக் கிட்டுகளில் சில தடுமாறி பின்னடிக்கும்.

கடைசியாக, ஹெட்லைட்டுக்கு எல்இடி பல்ப். ஐடிலில் இந்த ஆல்டர்னேட்டரால் பழைய பல்புக்கு ஈடுகொடுக்க முடியாது. பாசிட்டிவ் எர்த்தில் எரியும் என்று எழுதியிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். இப்போது ஸ்டார்ட் செய்து 3000 ஆர்பிஎம்மில் பேட்டரியை அளக்கிறேன். 13.5-க்கும் 14.5-க்கும் நடுவில் வரவேண்டும்... 14.1. நன்றாக சார்ஜ் ஆகிறது.