மேடு எந்தப் பக்கம்?

நேயர்களுக்கு வணக்கம்.

சுமத்ராவுக்கு மேற்கே சிமெலுவே என்றொரு தீவு இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்கம் தொடங்கிய இடத்துக்கு மிகப் பக்கத்தில் இருந்த நிலங்களில் அதுவும் ஒன்று. ஆட்டம் நின்ற சில நிமிடங்களில் அங்கே சுனாமி அலை வந்துவிட்டது. ஆனாலும் ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர்தான். 1907-இல் ஒருமுறை கடலிடம் அடிபட்ட மக்கள் அவர்கள். பேரலைக்கு அவர்கள் மொழியில் ‘ஸ்மோங்’ என்று பெயர். நிலம் பலமாக ஆடினால் மலைக்கு ஓடு என்பதைத் தாலாட்டிலும் கதையிலும் வைத்து, மூன்று நான்கு தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். அன்றைக்கு ‘ஸ்மோங்’ என்ற கூக்குரல் கேட்டதுமே மேட்டில் ஏறிவிட்டார்கள்.

கடலோர ஊருக்குப் போகும் பயணியின் சிக்கல் இதுதான்: போன ஊரில் அவருக்குக் கதை சொல்லும் பாட்டி கிடையாது. அறைக்குள் போனதும் ஜன்னலைத் திறந்து கடல் எவ்வளவு பக்கம் என்று பார்த்து மகிழ்கிறோம். மேடு எந்தப் பக்கம் என்று யாரும் கேட்பதில்லை. நான் கேட்பேன். பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே மாடிப்படியைத் தேடிப் போவதைப் பார்த்துக் கூட வந்தவர்கள் சிரிப்பதும் உண்டு. சிரிக்கட்டும்.

சிலி, ஜப்பான், அலாஸ்கா, சுமத்ரா போன்ற கரைகளுக்கு அருகே கடலடிப் பாறைத்தட்டு இன்னொரு தட்டுக்கு அடியில் நுழைகிறது. நுழையும் இடத்தில் சிக்கிக்கொண்டு, பல ஆண்டுகள் இறுகி, ஒருநாள் விடுபடுகிறது. அப்போது கடல்தரை எழும்பி, மேலிருக்கும் தண்ணீரையும் தூக்கிவிடுகிறது. நில அதிர்வு நொடிக்குச் சில கிலோமீட்டர் வேகத்தில் ஓடிவரும். அலையோ ஆழ்கடலில் மணிக்கு 800 கிலோமீட்டர் அளவில்தான் வரும். ஜெட் விமான வேகம்தான், ஆனாலும் அதிர்வுக்குப் பின்தங்கியது. பக்கத்துக் கடலில் நடுங்கினால், நமக்குக் கிடைக்கும் அவகாசம் அந்த இடைவெளிதான். சைரன் ஒலிக்கட்டும், கைப்பேசியில் செய்தி வரட்டும் என்று அதைச் செலவழிக்கக் கூடாது.

ஆடும்போது வெளியே ஓடாதீர்கள். வாசலில்தான் கூரை ஓடுகளும் கண்ணாடியும் விழும். மேசைக்கு அடியில் புகுந்து அதன் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். படுக்கையில் இருந்தால் அங்கேயே குப்புறப் படுத்துத் தலையணையால் தலையை மூடுங்கள். மனத்துக்குள் நொடிகளை எண்ணிக்கொண்டே இருங்கள். ஆட்டம் ஒரு நிமிடத்தைத் தாண்டினாலோ, நிற்கவே முடியாதபடி உலுக்கினாலோ, நின்றதும் கிளம்பிவிட வேண்டியதுதான். லிஃப்ட் வேண்டாம், படியில் இறங்குங்கள். காரும் வேண்டாம், எல்லோரும் கார் எடுத்தால் சாலை அடைத்துக்கொள்ளும். ஆற்றோரமாகவும் போகாதீர்கள், அலை ஆற்றுக்குள்ளும் ஏறி வரும். கடல்மட்டத்துக்கு மேல் 30 மீட்டர் உயரம் கிடைத்தால் நல்லது. மேடே இல்லாத ஊரில் உறுதியான கான்கிரீட் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு மேல் ஏறுங்கள்.

மெதுவாக ஆடினால் ஆபத்தில்லை என்றும் நம்பிவிட முடியாது. 1896-இல் ஜப்பானின் சன்ரிக்குக் கரையில் மக்களை அச்சுறுத்தாத, மெல்லிய, ஆனால் நீண்ட ஆட்டம். யாரும் நகரவில்லை. பின்னால் வந்த அலையில் ஏறத்தாழ 22,000 பேர் இறந்தார்கள். கடல் உள்வாங்கினால்தான் அலை வரும் என்பதும் தவறு. சில நேரம் முதலில் வருவதே பெருக்குதான்.

ஏறியவர்கள் இறங்கும் அவசரம் இன்னொன்று. 1964-இல் அலாஸ்கா நிலநடுக்கத்துக்குப் பிறகு கலிபோர்னியாவின் கிரசன்ட் சிட்டியில் முதல் அலைகள் வடிந்ததும் சிலர் கடைகளைக் கழுவத் திரும்பினார்கள். நான்காவது அலைதான் பெரியது. 1960-இல் சிலியில் நடுங்கியதற்கு, சுமார் 15 மணி நேரம் கழித்து ஹவாயின் ஹிலோவில் 61 பேர் இறந்தார்கள். அங்கே சைரன் ஒலித்திருந்தும் பலர் மேட்டுக்குப் போகவில்லை, போன சிலரும் சீக்கிரமே திரும்பிவிட்டார்கள். ஆகவே, அதிகாரிகள் இறங்கலாம் என்று சொல்லும்வரை, பல மணி நேரமானாலும், மேலேயே இருங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். இரவில் செருப்பையும் டார்ச்சையும் கட்டிலுக்கு அருகிலேயே வைத்துக்கொள்ளுங்கள். உடைந்த கண்ணாடியின் மேல் வெறுங்காலோடு மாடி இறங்க முடியாது.

வணக்கம்.