மாமியின் வீல்செயரும் ஓர் அங்குலமும்

வணக்கம் மக்களே. இன்று கடற்கரையும் இல்லை, கணவாய்ப் பொரியலும் இல்லை. முகத்தைப் பார்த்தாலே தெரியும், கடுப்பில் இருக்கிறேன். கையில் இருப்பது அளக்கிற டேப். மூன்று கிழமையாக இதைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் திரிகிறேன்.

எங்கள் ஒழுங்கை மாமியை உங்களுக்குத் தெரியும். கேமராவைத் தூக்கினால் "தம்பி, முதலில் தலையை வாரு" என்பாரே, அவர்தான். இருப்பது தனியாக வாழும் வயதானவர்களுக்கென்று கட்டிக்கொடுத்த வீடு. இடுப்பு முறிந்தபிறகு வீல்செயருக்கு எழுதிப் போட்டோம். எட்டு மாதம் கழித்து வந்தது. நல்ல வண்டி, குறை சொல்ல மாட்டேன். முற்றத்தில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. மலசலகூடத்துக்குள் மட்டும் போகாது.

இங்கே பாருங்கள், கிட்ட வாருங்கள். கதவு நிலைக்குள் 26 அங்குலம். கதவு திறந்து நின்றால் அதன் தடிப்பும் பிணைச்சலும் ஒன்றரையைத் தின்றுவிடும். மிச்சம் 24½. வண்டி, கையால் உருட்டுகிற வளையத்தோடு 25½. ஒரே ஓர் அங்குலம்!

வீடு கட்டித் தந்த இடத்தில் கேட்டேன், "வண்டி நாங்கள் கொடுத்ததில்லையே" என்றார்கள். வண்டி கொடுத்த இடத்தில் கேட்டேன், "வீடு நாங்கள் கட்டியதில்லையே" என்றார்கள். இரண்டும் உண்மைதான், அதுதான் எரிச்சல். இரண்டு ஃபைலிலும் மாமியின் பெயர், அதே அடையாள அட்டை இலக்கம். நானே ஏழு தடவை போட்டோகொப்பி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஏழாவதை மான் தின்றுவிட்டது. ஊர்க்காரருக்கு இது புதினமில்லை. வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்குச் சொல்கிறேன், திருகோணமலை நகருக்குள் மான் மாடு மாதிரித் திரியும். மதிலில் வைத்த கடித உறையை நிதானமாக மென்றது. அன்று முழுதும் அந்த ஃபைலில் கை வைத்த ஒரே ஜீவன் அதுதான்.

ஆட்களைத் திட்டி வேலையில்லை, அமைப்பே இப்படித்தான். சமூக சேவை, இலங்கை அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்தோடு மாகாணத்துக்குப் போனது. பிரதேச செயலகம் மத்திய அரசின் கீழ். ஒழுங்கையும் வடிகானும் உள்ளூராட்சி சபைக்கு. எங்கள் கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டம்பரோடு முடிந்தது. உள்ளூராட்சி சபைகளிலோ 2023 மார்ச்சிலிருந்து 2025 மே தேர்தல் வரை உறுப்பினர்களே இல்லை. இப்போது உறுப்பினர் இருக்கிறார், "மழைக்குப் பிறகு பார்ப்போம்" என்கிறார்.

ஐயோ, வடிகான் ஏன் இதற்குள் வந்தது என்று சொல்லவே இல்லை. முன்வாசலில் இரண்டு படி, ஒவ்வொன்றும் ஆறு அங்குலம். வண்டி ஏறச் சரிவு போடவேண்டும். ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் இருந்தால்தான் தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்காது. வாசலிலிருந்து கேற்றுக்கு ஏழரை அடிதான். மிச்சம் சபையின் வடிகானுக்கு மேல் போகும். அப்போ மூன்றாவது கந்தோர், எட்டாவது போட்டோகொப்பி.

2006இல் வந்த, மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களுக்கானவை. வீட்டுக்கு அந்தக் கேள்வியே எழாதாம்.

சரி, நல்ல செய்திக்கு வருவோம். கதவைக் கழற்றிவிட்டேன்! ஆறு திருகாணி, துருப்பிடித்த ஒன்றுக்கு மட்டும் அரை மணித்தியாலம். அந்த ஒன்றரை அங்குலம் திரும்பக் கிடைத்தது. கதவுக்குப் பதில் திரைச்சீலை. கம்பிக்கு முதல் கடையில் 1,400 ரூபாய் சொன்னார்கள். நான் திரும்பி நடந்தேன், 1,200 என்றார். இன்னும் நடந்தேன். மூன்று கடை தள்ளி அதே கம்பி, அதே ஸ்டிக்கர், 850! மத்திய வீதியில் அந்தக் கம்பியோடு நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சீலை மாமியின் பழைய சேலை, நீலப் பூப்போட்டது. நேற்றுப் பின்னேரம் யாரும் தூக்காமல் தானே உருட்டிக்கொண்டு உள்ளே போனார். விரல் மூட்டு கதவு நிலையில் உரசியது, ஒரு சொல் சொன்னார், அதை வெட்டிவிட்டேன்.

படிதான் மிச்சம். எட்டு அடிக்குக் குறையாத தடித்த பலகை சும்மா கிடந்தால் கீழே எழுதுங்கள். கொஞ்சம் செங்குத்தாக இருக்கும், நான் பின்னால் பிடித்துக்கொள்கிறேன். அலஸ்தோட்டம் வரை என்றால் ஓட்டோவில் வந்து எடுப்பேன். நிலாவெளி என்றால் பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள், கொண்டக்டருக்குக் காசு நான் கொடுக்கிறேன்.