முதலாண்டு மருத்துவ மாணவரின் குணம் மாறுகிறதா?

(மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கில் பெற்றோர் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம். இவ்வட்டாரத் தோட்டங்களில் பிறந்து மருத்துவம் படிக்கச் சென்ற பிள்ளைகளின் பெற்றோர் பலர் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். பக்கத்துச் செமிலிங்கில் உள்ள ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர்களும் உண்டு. விடுமுறைக்குக் கோத்தா பாருவிலிருந்து இரவுப் பேருந்தில் வந்து இறங்குகிறவர்களும் உண்டு. “மகன் எரிந்து விழுகிறான், மகள் எதற்கெடுத்தாலும் கலங்குகிறாள், குணமே மாறிவிட்டது” என்று நீங்கள் சொல்வது என் காதிலும் விழுகிறது.

உளவியலார் ஆளுமையை ஐந்து கூறுகளாக அளக்கிறார்கள்: புதியவற்றில் நாட்டம், பொறுப்புணர்வு, கலந்து பழகும் துடிப்பு, இணங்கிப் போகும் இயல்பு, எளிதில் கலங்கும் மனநிலை. இவை பதினெட்டு வயதில் உறைந்துவிடுவதில்லை. நெடுங்காலம் ஒரே ஆட்களைப் பின்தொடர்ந்த 92 ஆய்வு மாதிரிகளை ராபர்ட்ஸ் குழுவினர் 2006-இல் ஒருங்கே ஆராய்ந்தபோது, மாற்றத்தில் பெரும்பகுதி 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையே நிகழ்வதும், அது பொறுப்பு கூடிக் கலக்கம் குறையும் திசையில் செல்வதும் தெரியவந்தது. காலம் உங்கள் பிள்ளையின் பக்கம்தான் இருக்கிறது.

பிறகு ஏன் முதலாண்டில் நேர்மாறாகத் தோன்றுகிறது? உடற்கூறியல் நடைமுறைத் தேர்வை எண்ணிப் பாருங்கள். வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றிலும் குண்டூசி குத்திய ஒரு தசையோ நரம்போ இருக்கும், மணி அடித்தால், எழுதியது பாதியில் நின்றாலும் அடுத்த மேசைக்கு நகர வேண்டும். தோட்டத் தமிழ்ப்பள்ளியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம் தேர்வு வரை முதல் மாணவியாகவே இருந்த பெண், இப்போது முதல் மாணவர்களே நிறைந்த வகுப்பில் நிற்கிறாள். சேர்ந்த அன்று, ஆளுமையை அளக்கும் வினாத்தாளில் ‘என் வேலையை ஒழுங்காக முடிப்பேன்’ என்பது போன்ற கூற்றுக்கு ‘முற்றிலும் உண்மை’ என்று குறித்தவள், ஆண்டிறுதியில் ‘ஓரளவு உண்மை’ என்று குறிக்கக்கூடும். அவள் விடிய விடியத்தான் படிக்கிறாள். பக்கத்து அறைக்காரி இன்னும் கூடுதலாகப் படிக்கிறாள், அவ்வளவுதான். அந்த வினாத்தாள் காட்டும் மாற்றத்தில் ஒரு பங்கு, ஒப்பிடும் ஆள் மாறியதால் வருவது. அதைக் கழிக்காமல் மருத்துவப் படிப்பின் மீது பழி போடும் ஆய்வு முடிவுகளை நான் ஐயத்தோடுதான் படிப்பேன்.

ஆண், பெண் வேறுபாட்டுக்கு வருவோம். கோஸ்டா, டெராசியானோ, மெக்ரே ஆகியோர் 26 பண்பாடுகளில் திரட்டிய தரவுகளை 2001-இல் வெளியிட்டார்கள். கலக்கத்திலும் இணக்கத்திலும் பெண்களின் சராசரி சற்றே உயர்ந்திருந்தது. தன் கருத்தை அழுத்திச் சொல்லும் இயல்பில் ஆண்களின் சராசரி உயர்ந்திருந்தது. ஆனால் இந்த இடைவெளியைக் காட்டிலும், ஒரு பெண்ணுக்கும் இன்னொரு பெண்ணுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. அத்துடன், இவை அவரவர் தம்மைப் பற்றித் தாமே எழுதும் விடைகள். “ஆம்பளப் பிள்ளை அழலாமா?” என்று கேட்டே வளர்க்கப்பட்டவன், கலங்குவேன் என்று தாளில் எழுதவும் கூசுவான் என்பது என் கணிப்பு. ஆகவே, மகளின் கண்ணீரை விட மகனின் மௌனம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது.

இது வீண் கவலை அன்று. ரோட்டன்ஸ்டைன் குழுவினர் 2016-இல் உலக அளவிலான ஆய்வுகளைத் தொகுத்தபோது, மருத்துவ மாணவருள் ஏறத்தாழ 27 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ காணப்பட்டன. அவர்களுள் சிகிச்சை நாடியவர் ஏறத்தாழ 16 விழுக்காட்டினரே. பல்கலைக்கழக ஆலோசகரிடம் போனால் பெயர் கெட்டுவிடும் என்று தயங்குவோரும் நம்மிடையே உண்டு. 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி, பதிவு பெற்றவரே இந்நாட்டில் அப்பணியைச் செய்ய முடியும். அவர் படித்துத் தேறிய ஆள், ஊர்வம்பு பேசுகிறவர் அல்லர். விடுமுறைக்கு வந்த பிள்ளை நாலு நாள் முகம் கொடுத்துப் பேசாவிட்டால் விட்டுவிடுங்கள், தூங்கட்டும். தூக்கமும் பசியும் கெட்டு, பிடித்த எதிலும் நாட்டமின்றி இரண்டு வாரம் கடந்தும் அப்படியே இருந்தால், அதைக் குணம் என்று பேசிக்கொண்டிராமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.