மாவட்டத்துக்கு ஒன்றா, ஊருக்கு ஒன்றா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, நாற்காலி போதாமல் பின்னால் நின்றபடி கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

‘அரசுப் பள்ளிப் பிள்ளைகளைக் கரையேற்றுவது மாவட்டத்துக்கு ஒரு மாதிரிப் பள்ளியா, ஊருக்கு ஒரு நல்ல பள்ளியா?’ இதுதான் தலைப்பு. மாதிரிப் பள்ளி என்றால், அரசுப் பள்ளிகளில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, தங்கவைத்துப் படிக்கவைக்கும் அரசுப் பள்ளி. நான் ஊர்ப் பள்ளியின் பக்கம்.

எனக்கு முன்னால் பேசிய சகோதரி, கூலித் தொழிலாளியின் மகன் ஒருவன் மாதிரிப் பள்ளியில் தங்கிப் படித்து ஐ.ஐ.டி.க்குப் போனதைச் சொன்னார். நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். அந்தப் பையனின் உழைப்பை ஒரு துளிகூடக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அவன் கிளம்பிப் போன வகுப்பில் அப்புறம் என்ன நடந்தது? அதை யாராவது சொல்ல வேண்டும். நான் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவன். எனக்குத் தெரியும்.

போன வருடம் எங்கள் பத்தாம் வகுப்பு முடித்த இரண்டு பெண்களுக்கு மாதிரிப் பள்ளியில் இடம் கிடைத்தது. ஒருத்தி போனாள். மதியம் தட்டைக் கழுவி வைத்த கையோடு நான்கைந்து பேரை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, குச்சியால் மண்ணில் முக்கோணம் போட்டுக் கணக்குச் சொல்லிக்கொடுப்பாள். நான் மூன்று முறை நடத்தியும் புரியாதது அவள் சொன்னால் புரிந்துவிடும். அவள் போன பிறகு அந்த மரத்தடியில் யாரும் உட்காருவதில்லை.

இன்னொருத்தி போகவில்லை. அப்பாவுக்குக் கேரளாவில் கொத்தனார் வேலை. அம்மா விடிவதற்குள் மில் வேனில் ஏறிவிடுவார். ஒரு தம்பி, ஒன்றாம் வகுப்பு. “நான் ஹாஸ்டலுக்குப் போயிட்டா அவனை யாரு சார் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பி விடுறது?” என்றாள். என்னிடம் பதில் இல்லை. எங்கள் பள்ளியிலேயே பதினொன்றாம் வகுப்பு சேர்ந்தாள். அங்கே கணக்குக்கு முதுகலை ஆசிரியர் பணியிடம் காலி. பள்ளி மேலாண்மைக் குழு மூலமாகத் தற்காலிகமாக ஒருவர் வந்து சேரும்போது செப்டம்பர் ஆகிவிட்டது.

நடுவர் அவர்களே, அவளும் தேர்வானவள்தான். மதிப்பெண் போதும், தூரம்தான் முடியவில்லை.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகள் 37,000-க்கும் மேல். மாதிரிப் பள்ளிகள் மாவட்டத்துக்கு ஒன்றாக 38. ஆயிரத்துக்கு ஒன்று. அங்கே இருப்பது என்ன? பாடத்துக்கு ஒரு ஆசிரியர், ஓடுகிற ஆய்வகம், எந்தக் கல்லூரிக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஒரு ஆள். இதில் ஊர்ப் பள்ளியில் செய்ய முடியாதது எது?

இந்த ‘மாவட்டத்துக்கு ஒன்று’ புதிய யோசனையும் அல்ல. 1964-66இல் மத்திய அரசு அமைத்த கோத்தாரி கல்விக் குழு, ஒரு பகுதியின் பிள்ளைகள் ஏழை, பணக்காரர் என்று பிரியாமல் அருகமைப் பள்ளியில் ஒன்றாகப் படிக்க வேண்டும் என்றது. 1986 தேசியக் கல்விக் கொள்கையோடு வந்த மத்திய அரசின் நவோதயா உறைவிடப் பள்ளி அதற்கு நேர்மாறு: மாவட்டத்துக்கு ஒரு பள்ளி, ஆறாம் வகுப்பில் சேரவே நுழைவுத் தேர்வு. நாம் நவோதயாவை மொழிக்காக மறுத்தோம், சரி. ஆனால் பொறுக்கியெடுத்துப் படிக்கவைக்கும் அந்தக் கணக்கை மட்டும் ஏன் கையில் எடுத்துக்கொண்டோம்?

எல்லாப் பள்ளிக்கும் கொடுக்கக் காசுக்கு எங்கே போவது என்று எதிரணி கேட்கும். அரசின் காலை உணவுத் திட்டத்தைப் பாருங்கள். 2022 செப்டம்பரில் 1,545 பள்ளிகளில் தொடங்கினார்கள். அடுத்த ஆகஸ்டுக்குள் அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுவதுக்கும் போய்விட்டது. நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு மட்டும் உப்புமா என்று யாரும் சொல்லவில்லை. வந்து உட்கார்ந்த பிள்ளைக்கெல்லாம் தட்டு வைத்தார்கள். சோற்றில் நமக்குத் தோன்றிய அந்த நியாயம் கணக்கு ஆசிரியர் விஷயத்தில் ஏன் தோன்றவில்லை?

மணி அடித்துவிட்டது, ஒரு நிமிடம் கொடுங்கள்.

அந்தத் தம்பி இப்போது இரண்டாம் வகுப்பு. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. அவன் பள்ளியிலும் இரண்டு பேர்தான். முதல் மூன்று வகுப்பும் ஓர் அறையில் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அடிப்படைக் கல்வித் திட்டத்தில் படிக்கும், நான்கும் ஐந்தும் அடுத்த அறையில். ஒரு டீச்சர் பயிற்சிக்குப் போனால் ஐந்து வகுப்பும் இன்னொருவர் தலையில். மாதிரிப் பள்ளி அவனைத் தேடி வர ஒன்பதாம் வகுப்பு ஆக வேண்டும். அதுவரைக்கும் ஏழு வருடம் அவனுக்கு இருப்பது ஊர்ப் பள்ளி மட்டும்தான். அந்த ஏழு வருடத்துக்காகத் தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.